இடது தோள் தேய்ந்த சட்டை

(ஆடை வடிவமைப்பு படிக்கும் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த பேராசிரியர் போனில் தலைப்பு கேட்டார். "துணிக்கடையில் விற்பவர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்பதைப் பற்றி" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வாங்குகிறவர்கள் உடுத்துவதைப் பற்றித்தானே?" என்று எனக்காகத் திருத்திப் பார்த்தார். இல்லை, விற்பவர்கள்தான் என்றேன். "அவங்க யூனிஃபார்ம்தானே சார் போடுறாங்க, அதுல பேச என்ன இருக்கு?" என்றார். கேட்டது நியாயம்தான். அவர் இப்போது முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

நீங்கள் உடுப்பை வரையவும் வெட்டவும் தைக்கவும் படிக்கிறவர்கள். நீங்கள் செய்யும் உடுப்பு கடைக்குப் போன பிறகு, வாங்குபவர் அதோடு இருப்பது பத்து நிமிஷம். விற்பவர் காலை கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை அதோடு நிற்கிறார். அவர் மேலே என்ன இருக்கிறது, அதை யார் தேர்ந்தெடுத்தார்கள், யார் காசில் அது வந்தது என்று பார்த்தால், கடையைப் பற்றி விளம்பரம் சொல்லாத சங்கதியெல்லாம் தெரிந்துவிடும்.

எனக்கு இதில் சொந்தக் கதை உண்டு. என் அப்பா கும்பகோணத்தில் ஒரு பட்டுக்கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் விற்பனையாளராக இருந்தார். எங்கள் வீட்டில் அதை "கடைக்குப் போறது" என்றுதான் சொல்வோம். கடை எங்களுடையது என்று என் பள்ளி நண்பர்கள் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் மறுக்கவில்லை.

அப்பா கடைக்குள் நுழைந்ததும் முதல் வேலை, கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவது. ஸ்டீல் செயினில் பட்டு இழை ஒன்று மாட்டினால் போச்சு, புடவை முழுக்க ஒரு கோடு இழுத்துக்கொண்டு போகும். மோதிரம் போட மாட்டார். கல்யாண மோதிரம்கூட அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில்தான் கிடந்தது. பையில் மைப் பேனா வைக்கக் கூடாது, கசிந்துவிடும் என்று காதில் பென்சில். வெற்றிலை கிடையாது. நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். தலைக்கு எண்ணெய் பெயருக்குத்தான். வியர்க்கும் கையோடு பட்டைத் தொட்டால் முதலாளி பார்வையாலேயே கொன்றுவிடுவார் என்பதால் பக்கத்தில் எப்போதும் ஒரு உலர்ந்த துண்டு.

இத்தனைக்கும் நடுவில் சட்டை. வெள்ளைச் சட்டை. சொட்டு நீலம் போட்டு அலசி, கரி இஸ்திரிப் பெட்டியில் தேய்த்த சட்டை. அவரிடம் நான்கு இருந்தன. நான்கும் ஒரே மாதிரி என்பதால் ஒன்றுதான் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு மாமி நினைத்திருந்தார்.

பொதுவாக ஆண்களின் சட்டை எங்கே முதலில் கிழியும்? காலர் மடிப்பில். இல்லையென்றால் முழங்கையில். அப்பாவின் சட்டைகள் நான்கும் இடது தோளில்தான் தேய்ந்தன. காலர் புதுசு மாதிரி இருக்கும், தோளில் மட்டும் துணி நைந்து உள்ளே பனியன் தெரியும். காரணம் ஜரிகை. புடவையைப் பிரித்து, முந்தியை இழுத்துத் தன் இடது தோளில் போட்டுக் காட்டுவார். பிடித்ததா என்று பார்ப்பார். இல்லையா, உருவிவிட்டு அடுத்தது. முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது முந்தி அந்தத் தோளில் ஏறி இறங்கும். அரம் போட்டுத் தேய்த்த மாதிரிதானே? அம்மா அந்த இடத்தில் உள்பக்கமாக இன்னொரு துண்டு வெள்ளைத் துணி வைத்துத் தைத்துக் கொடுப்பார். நீங்கள் இப்போது ஷோல்டர் பேடு என்று படிக்கிறீர்களே, எங்கள் வீட்டில் அது அம்மாவின் கண்டுபிடிப்பு.

ஏன் வெள்ளை? சுத்தம் தெரியட்டும் என்பது ஒரு காரணம். தொழில் காரணம் வேறு. அரக்குப் புடவையை நீலச் சட்டைமேல் போட்டால் அரக்கு வேறு மாதிரி தெரியும். மஞ்சள் சட்டைமேல் போட்டால் மாம்பழ வண்ணப் புடவை செத்துப்போகும். வெள்ளை எந்த வண்ணத்தோடும் சண்டைக்குப் போகாது. விற்பவர் அங்கே ஒரு திரை, அவ்வளவுதான். அதனால் அவர் நன்றாக உடுத்தியிருக்க வேண்டும், ஆனால் கண்ணில் படக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே சட்டையில் சாதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ட்யூப் லைட் வந்த பிறகு இன்னொரு தொல்லை சேர்ந்தது. "வெளிச்சத்துல பார்க்கணும்" என்பார்கள் வாங்க வந்த பெண்கள். உடனே அப்பா புடவையைத் தோளில் போட்டபடியே கடை வாசலுக்கு வருவார். நட்ட நடுப் பகலில், தெருவைப் பார்த்தபடி, மீசை வைத்த ஒரு ஆள் மயில்கழுத்து நிறப் பட்டு முந்தியைத் தோளில் தழையவிட்டு, கரையை இடுப்பருகே பிடித்துக்கொண்டு நிற்பார். நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது, பள்ளி விட்டு நண்பர்களோடு அந்த வழியே வந்தவன் அதைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நான் எதிர்ச்சாரிக்குக் கடந்து போய்விட்டேன். அன்று ராத்திரி அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து நான் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனேன். இப்படி ஒரு மேடையில் சொல்ல வேண்டி வரும் என்று அப்போது தெரியாது.

ஆணுக்குப் புடவை என்றதும் சிரிப்பு வருகிறது, இல்லையா? தமிழ்நாட்டின் பட்டுக்கடைகளில் தலைமுறை தலைமுறையாக ஆண்கள்தான் பெண்களுக்குப் புடவை கட்டிக் காட்டியிருக்கிறார்கள். கொசுவம் வைப்பதில் அப்பாவின் வேகம் அம்மாவுக்கு வராது. பொம்மைக்குக் கட்டுவது தனிக் கலை, அதற்கென்று ஆள் உண்டு. ஆனால் பொம்மையிடம் பேரம் பேச முடியாதே. விற்பவர்தான் பேசத் தெரிந்த பொம்மை.

கொஞ்சம் பாரிஸுக்குப் போய்வரலாம்.

பெரிய துணிக்கடை என்று இன்று நாம் சொல்கிற அமைப்புக்கு ஒரு முக்கியமான பிறப்பிடம் பாரிஸில் உள்ள போன் மார்ஷே. அரிஸ்டிட் பூசிக்கோ என்பவர் 1852ல் அதில் பங்குதாரராகச் சேர்ந்து வளர்த்தார். பொருளுக்கு ஒரே விலை, பேரம் கிடையாது, வாங்காவிட்டாலும் உள்ளே வந்து சுற்றிப் பார்க்கலாம் என்பதெல்லாம் அன்றைக்குப் பெரிய புதுமை. எமில் ஸோலா இந்தக் கடையையும் இதைப் போன்ற மற்றொரு பெரிய கடையையும் நேரில் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்து ஒரு நாவல் எழுதினார். 1883ல் வெளிவந்தது. அதன் நாயகி தெனீஸ், கிராமப்புறத்திலிருந்து பிழைப்புக்கு வந்து விற்பனைப் பெண்ணாகச் சேர்கிறவள். அவளுக்குக் கடை கொடுப்பது கறுப்புப் பட்டு உடுப்பு. அவள் உடம்புக்கு அது பெரிதாக இருக்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். உடம்பில் பட்டு, காலில் தேய்ந்த பழைய பூட்ஸ், நின்று நின்று வீங்கிய பாதம். ஸோலா அந்தப் பாதத்தை விடாமல் கவனித்திருப்பதுதான் எனக்குப் பிடித்தது. கடை கொடுப்பது கவுன்ட்டருக்கு மேலே தெரிகிற பாகத்துக்கு மட்டும். கவுன்ட்டருக்குக் கீழே இருப்பது அவரவர் பாடு.

ஏன் கறுப்பு என்று கேட்கலாம். அப்பாவின் வெள்ளைக்கு என்ன காரணமோ அதேதான். கறுப்பும் சரக்கோடு சண்டைக்குப் போகாது. கூடவே ஒரு சமூகக் காரணமும் உண்டு. வாங்க வருகிற சீமாட்டி பல வண்ணங்களில் வருவாள். விற்கிற பெண் அவளைவிட அழகாகத் தெரிந்துவிடக் கூடாது. அதே சமயம் வேலைக்காரி மாதிரியும் தெரியக் கூடாது, அப்புறம் அவள் சொல்லும் அபிப்பிராயத்துக்கு என்ன மதிப்பு? ஒரு படி கீழே, ஆனால் ஒரு படி மட்டும்தான் கீழே. அந்த உயரத்தில் நிறுத்திவைக்கக் கறுப்புப் பட்டு வசதியாக இருந்தது. இன்றைக்கும் விலை உயர்ந்த பிராண்டுக் கடைகள் பலவற்றில் கறுப்பு சூட்டோடு நிற்கிறார்களே, அந்தக் கறுப்புக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்.

இங்கிலாந்தில் ஹெச். ஜி. வெல்ஸ் இந்த உலகத்தை உள்ளே இருந்தே பார்த்தவர். விஞ்ஞானப் புனைகதைக்காரராக நமக்குத் தெரிந்த அதே வெல்ஸ். பதின்ம வயதில், 1881ல், சௌத்ஸீ ஊரில் ஒரு துணிக்கடையில் வேலை பழகச் சேர்த்துவிட்டார்கள். கடையின் மேலேயே வரிசைக் கட்டில்களில் படுக்கை. இரண்டு வருஷத்தில் தப்பித்து வந்துவிட்டார். 1905ல் எழுதிய 'கிப்ஸ்' நாவலில் அந்த ஆத்திரம் முழுக்க இருக்கிறது.

என் நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமானவர் மார்கரெட் பாண்ட்ஃபீல்ட். பதினான்கு வயதில் பிரைட்டன் பக்கம் துணிக்கடை உதவியாளராகப் போனவர். கடையிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு வேலை பார்த்தார். ராத்திரி கூடப் படுத்திருப்பவர்கள் தூங்கிய பிறகு, திருட்டுத்தனமாக மெழுகுவத்தி ஏற்றிவைத்து, கடைப் பெண்களின் நிலைமையைப் பற்றிப் புனைபெயரில் சங்கப் பத்திரிகைக்கு எழுதினார். 1929ல் அவர் தொழிலாளர் துறை அமைச்சர். பிரிட்டிஷ் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். துணி மடித்த கை.

அதற்கு முப்பது வருஷம் முன்பு, 1899ல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கடைகளில் வேலை செய்யும் பெண்கள் மூன்று பேருக்கு ஒரு இருக்கையாவது போட்டிருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். மூன்று பேருக்கு ஒன்று! யார் உட்கார்வது என்று சீட்டுக் குலுக்கினார்களோ என்னவோ. இந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

அதே 1899ல் அமெரிக்காவில் தார்ஸ்டைன் வெப்லன் 'சோம்பல் வர்க்கத்தின் கோட்பாடு' என்ற புத்தகத்தை வெளியிட்டார். பணக்கார வீட்டு வேலையாளின் பகட்டான சீருடை அவனுடைய சுகத்துக்காக இல்லை, எஜமானுடைய செல்வத்தை ஊருக்குக் காட்டுவதற்காக என்பது அவர் வாதங்களில் ஒன்று. தான் செலவழித்தது போதாதென்று ஆள் வைத்துச் செலவழிப்பது. இதைக் கடைக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு பெரிய பிராண்டின் கடையில் நிற்கும் இளைஞன் போட்டிருக்கும் சூட்டின் விலை அவனுடைய சில மாதச் சம்பளமாக இருக்கலாம். சாயங்காலம் அதைக் கழற்றி மாட்டிவிட்டு, சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போகிறான். அந்த எட்டு மணி நேரத்துக்கு மட்டும் அவன் அந்தப் பணக்காரத்தனத்தின் குத்தகைதாரன்.

இதில் ஒரு வேடிக்கையான ஆராய்ச்சி உண்டு. மார்கன் வார்ட், டேரன் டால் என்ற இரண்டு பேராசிரியர்கள் செய்தது. 2014ல் நுகர்வோர் ஆய்வு இதழ் ஒன்றில் வந்தது. விலை உயர்ந்த கடைக்குள் போகிறீர்கள். விற்பவர் உங்களை ஏற இறங்கப் பார்க்கிறார், மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார். உங்களுக்கு என்ன தோன்ற வேண்டும்? "போடா, உன் கடையும் வேண்டாம், சரக்கும் வேண்டாம்" என்றுதானே? ஆனால் அந்த பிராண்டுக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு, இப்படி அவமானப்பட்ட பிறகு அந்தப் பொருள்மேல் ஆசை கூடுகிறது என்று கண்டார்கள். சாதாரணக் கடைகளில் இது நடப்பதில்லை. இங்கே நமக்கு வேண்டிய விஷயம் என்னவென்றால், அந்த விற்பனையாளர் பிராண்டுக்கு ஏற்றபடி தோற்றமளித்தால்தான் இந்த மந்திரம் பலிக்கிறது. கசங்கிய சட்டையோடு நிற்பவர் அலட்சியம் காட்டினால் வெறும் கோபம்தான் வரும். இஸ்திரி கலையாத சூட்டோடு நிற்பவர் அலட்சியம் காட்டினால் பர்ஸ் திறக்கிறது! ஆனால் அவசரப்பட்டு உங்கள் கடை ஊழியர்களுக்கு மூஞ்சியைத் திருப்பப் பயிற்சி கொடுத்துவிடாதீர்கள். அந்த ஆசை நாளாக நாளாக வடிந்துவிடுவதையும் அவர்களே கண்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பட்டுக்கடையில் இந்தச் சூட்சுமம் செல்லாது. அங்கே எடைபோடும் கலை வேறு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களுக்கு அப்பா ஒன்று சொல்லிக்கொடுப்பார்: "உள்ளே வர்றவங்க சட்டையப் பார்க்காதே, கையில என்ன பைன்னு பாரு." பளபளவென்று நாலு பேர் காரில் வந்து இறங்குவார்கள், ஒன்றரை மணி நேரம் பிரித்துப் பார்ப்பார்கள், "போய்ட்டு வர்றோம்" என்பார்கள். வெடித்த காலும் சாயம் போன வேட்டியுமாக ஒரு பெரியவர் வருவார், கூட ஏழெட்டுப் பெண்கள். அவர் அக்குளில் ஒரு மஞ்சப்பை இடுங்கியிருக்கும். நெல் விற்ற பணம், மகள் கல்யாணம். அப்பா அவருக்குத்தான் முதலில் காபி சொல்லுவார். அப்போது அவருடைய வெள்ளைச் சட்டை இன்னொரு வேலை செய்தது. பெரியவர் வேட்டி சட்டையில் வந்தார், எதிரே இருப்பவரும் வேட்டி சட்டையில் இருந்தார். அழுக்கும் வெளுப்பும்தான் வித்தியாசம். "நம்ம ஆளு" என்று பெரியவர் ஒரு நொடியில் நம்பிவிடுவார். சூட் போட்டவன் எதிரே நின்றிருந்தால் மஞ்சப்பை இன்னும் இறுகியிருக்கும்.

அமெரிக்காவில் அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் என்ற கடைகளின் வரிசை உண்டு. இளைஞர்களுக்கான, விலை கொஞ்சம் கூடுதலான உடுப்பு. அங்கே விற்பவர்களுக்குப் பதவிப் பெயரே ஒரு காலத்தில் 'மாடல்' என்றுதான் இருந்தது. எப்படித் தோன்ற வேண்டும் என்பதற்கு 'லுக் பாலிசி' என்று ஒரு விதித்தொகுப்பு வைத்திருந்தார்கள். கடையின் உடுப்பையே வாங்கிப் போட வேண்டியிருந்தது என்று கலிஃபோர்னியாவில் ஊழியர்கள் புகார் செய்தார்கள். மாதச் சம்பளம் வாங்கி, அதில் ஒரு பகுதியை அதே கல்லாவில் திரும்பக் கட்டுவது மாதிரி. 2003ல் 22 லட்சம் டாலர் கொடுத்து அந்தப் பிரச்சினையைத் தீர்த்தார்கள். நிறம், இனம் பார்த்து வேலை கொடுக்கிறார்கள் என்ற வழக்கில் அடுத்த வருஷம் 4 கோடி டாலர்.

பிறகு ஒரு தலைத்துணி. 2008ல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்ஸா நகரில் பதினேழு வயது முஸ்லிம் பெண் ஒருவர் நேர்முகத் தேர்வுக்குக் கறுப்புத் தலைத்துணியோடு போனார். தேர்வில் நல்ல மதிப்பெண். ஆனால் 'தொப்பி கூடாது' என்பது லுக் பாலிசி. தலைத்துணி தொப்பியா, இல்லையா? மேலே கேட்டார்கள், எடுக்காதே என்று பதில் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 ஜூனில் 8க்கு 1 என்ற கணக்கில் அந்தப் பெண் பக்கம் தீர்ப்பானது. நான் படித்துச் சிரித்த இடம் வேறு. அதே 2015ல் அந்த நிறுவனம் 'மாடல்' என்ற பதவிப் பெயரைக் கைவிட்டு 'பிராண்ட் பிரதிநிதி' என்று மாற்றிக்கொண்டது. பேசத் தெரிந்த பொம்மை என்று நான் சொன்னேனே, அவர்கள் அதைப் பதவிப் பெயராகவே எழுதிவைத்திருந்தார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இன்றைய பெரிய ஜவுளிக்கடைகளில் பட்டுப் பிரிவுக்குப் போங்கள். எதிரே நிற்கும் பெண்கள் எல்லோரும் ஒரே வண்ணத்தில், ஒரே டிசைனில், சிந்தெடிக் புடவை கட்டியிருப்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் மடிப்பு மடிப்பாகப் பின் குத்திய முந்தி. அவர்கள் கையில் பிரிவது ஐம்பதாயிரம் ரூபாய்க் கோர்வைப் பட்டு. பாரிஸில் பட்டு உடுத்தித் துணி விற்றார்கள், இங்கே பாலியெஸ்டர் உடுத்திப் பட்டு விற்கிறார்கள். ஏன்?

காரணம் கேட்டால் மேலாளர்கள் ஒன்று சொல்வார்கள். கல்யாணக் கூட்டத்தில் எல்லோரும் பட்டில் வருகிறார்கள், விற்பவரும் பட்டில் நின்றால் யாரிடம் கேட்பது என்று தெரியாது. உண்மைதான். தோய்க்க வசதி, இஸ்திரி வேண்டாம், அதுவும் உண்மை. ஆனால் சிந்தெடிக்கில் பன்னிரண்டு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஏசி எல்லா மாடியிலும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. குடோனில் ஓடுவதே இல்லை. ஒரு தடவை ஒரு கடையில், சரக்கெடுக்கப் போய்த் திரும்பிய பெண்ணின் முதுகு முழுக்க நனைந்து புடவை ஒட்டியிருந்தது. அவள் மின்விசிறிக்கு முதுகைக் காட்டியபடி எங்களுக்கு முந்தி காட்டினாள். உடுப்பை வடிவமைக்கப் போகிறவர்கள் நீங்கள். அழகுப் போட்டிக்கு உடுப்பு வரைய நிறையப் பேர் இருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவளுக்கு, கையைத் தூக்கி ராக்கிலிருந்து சரக்கு எடுக்கிறவளுக்கு, காற்றோட்டமாக, தினமும் தோய்த்தாலும் சாயம் போகாமல், கூட்டத்தில் அடையாளமும் தெரிகிற மாதிரி ஒரு கைத்தறிப் பருத்தி உடுப்பு வரைந்து காட்டுங்களேன். கைத்தறியை விற்கும் மாநிலத்தில், விற்கிறவர் உடம்பில் அது இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

2010ல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரங்கநாதன் தெருவில் துணிக்கடை, தென்மாவட்டப் பிள்ளைகள், கடைக்கே சொந்தமான தங்குமிடம், வரிசையில் சோறு. வெல்ஸும் பாண்ட்ஃபீல்டும் அதைப் பார்த்திருந்தால் வசனமே தேவைப்பட்டிருக்காது. அந்தப் படம் வந்த பிறகு கொஞ்ச நாள் கடைக்குப் போகிறவர்கள் விற்பவர்களின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு பழையபடி முந்தியைத்தான் பார்த்தார்கள்.

1899க்குத் திரும்பி வருவேன் என்றேனே. கேரளத்தில் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள், உட்காரவும் கழிப்பறைக்குப் போகவும் உரிமை கேட்டுப் பல வருஷம் போராடினார்கள். 'பெண்கூட்டு' என்ற அமைப்பு அதில் முன்னின்றது. அதை வழிநடத்திய விஜி ஒரு தையல்காரர். இதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தைக்கிறவருக்குத் தெரியும், உட்கார்ந்துதான் தைக்க முடியும். 2018ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அதே போன்ற திருத்தம் வந்து நிறைவேறியது. கடைகளில் எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். இங்கே ஆண், பெண் பேதமில்லை, மூன்று பேருக்கு ஒன்று என்ற கஞ்சத்தனமும் இல்லை. அந்த வகையில் நம் சட்டம் மேல். 122 வருஷம் பிந்தியது, அவ்வளவுதான்.

உடுப்பைப் பேசவந்தவன் ஏன் நாற்காலிக்குப் போய்விட்டேன் என்று பேராசிரியர் பார்க்கிறார். இரண்டும் ஒன்றுதான் சார். அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கடையில் கவுன்ட்டர் கிடையாது. தரையில் மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு, ஓரத்தில் திண்டு. வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு மெத்தையில் உட்காருவார்கள். விற்பவரும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். சம்மணத்துக்கு வேட்டிதான் சௌகரியம், அதனால் வேட்டி. வெறுங்கால், அதனால் காலைக் கழுவிக்கொண்டுதான் மெத்தையில் ஏற வேண்டும். எண்பதுகளில் கடையை இடித்துக் கட்டினார்கள். கண்ணாடிக் கவுன்ட்டர் வந்தது, வாங்குபவர்களுக்கு ஸ்டூல் வந்தது. விற்பவர்கள் எழுந்து நின்றார்கள். வேட்டியோடு நின்றால் கடை பழசாகத் தெரிகிறது என்று பேன்ட் வந்தது, பேன்ட்டோடு பூட்ஸ் வந்தது. அப்பா நாற்பது வயதுக்கு மேல் முதல் தடவையாகப் பூட்ஸ் போட்டார். அன்றைக்கு எழுந்து நின்றவர், வேலையிலிருந்து நிற்கும் வரை உட்காரவே இல்லை. ராத்திரி வீட்டில் சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுத்திருப்பார். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு சுருண்டு நீலமாகத் தெரியும். நான் அதில் தைலம் தேய்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. 2022ல் என் அக்கா மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க ஒரு பெரிய கடைக்குப் போனோம். அப்பாவையும் கூட்டிப்போனோம், அவருக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டைதான். எங்களுக்குப் புடவை காட்டியவன் இருபது வயதுப் பையன், கடையின் மெரூன் சட்டையில் இருந்தான், பெயர் குத்திய பட்டையோடு. அக்கா ஒன்றைப் பிரிக்கச் சொல்லி, இன்னொன்றைப் பிரிக்கச் சொல்லி, கவுன்ட்டரில் நாற்பது ஐம்பது புடவை குவிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அப்பாவின் வாட்ச் சட்டைப் பையில் இருந்தது. அவர் பாட்டுக்கு அந்தக் குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கரை கரையோடு சேர, முந்தி உள்ளே போக, மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பையன், "வேண்டாங்கய்யா, நான் மடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்தக் கடையில இருந்தீங்கய்யா?"

அப்பா கடையின் பெயரைச் சொன்னார். பையனுக்குத் தெரியவில்லை, அது மூடிப் பல வருஷம் ஆகிறது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம், சட்டப்படி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று இருந்தது. அதன்மேல் அட்டைப் பெட்டிகள் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பையன் சூப்பர்வைசர் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினான். ஸ்டூலைத் தன் மெரூன் சட்டைக் கையாலேயே துடைத்து, கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு வந்து அப்பாவுக்குப் பின்னால் போட்டான்.

அப்பா மடித்துக்கொண்டிருந்த புடவையை முடித்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.